பட்டனும் அசைவும் குரலும்: எந்த வேலை யாருக்கு?

ஸ்கைரிம் விளையாட்டில் டிராகன் தலைக்கு மேல் வட்டமிடும்போது ஆடுபவருக்குக் கை கொள்ளாத வேலை. ஓட வேண்டும், கேடயத்தைத் தூக்க வேண்டும், நெருப்பு வரும் திசையைப் பார்த்துத் திரும்ப வேண்டும். அந்த நேரத்தில் வேறொரு மந்திரக் கூவலுக்கு மாற வேண்டும் என்றால் பட்டியலைத் திறக்க வேண்டும். ஆட்டம் உறைந்து நிற்கும். வரிசையாக உருட்டித் தேடி, தேர்ந்தெடுத்து, மூடிவிட்டுத் திரும்பி வருவதற்குள் சண்டையின் சூடு ஆறியிருக்கும்.

2012இல் பெதெஸ்டா நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்புக்கு ஓர் இலவசப் புதுப்பிப்பை வெளியிட்டது. கேமராவும் மைக்குகளும் கொண்ட மைக்ரோசாஃப்டின் கினெக்ட் கருவி வைத்திருப்பவர்கள் 200க்கும் மேற்பட்ட கட்டளைகளை வாயாலேயே சொல்ல முடிந்தது. கூவலின் பெயரைச் சொன்னால் போதும். “ஃபுஸ் ரோ டா” என்று விளையாட்டின் டிராகன் மொழியிலேயே கத்தினாலும் எதிரே நிற்பவன் தூக்கி எறியப்படுவான். இவ்வளவும் நடக்கும்போது இரண்டு கைகளும் கன்ட்ரோலரிலேயே இருந்தன. காலும் நிற்கவில்லை, கேடயமும் இறங்கவில்லை.

கினெக்ட் என்றதும் பலருக்கு நினைவு வருவது, கையில் எதுவும் இல்லாமல் டி.வி. முன்னால் நின்று குதிக்கும் விளம்பரங்கள்தான். மைக்ரோசாஃப்ட் அதை அப்படித்தான் விற்றது. ஆனால் அந்தக் கருவியால் கிடைத்த நல்ல பயன்களில் பல, கன்ட்ரோலரைக் கீழே வைக்காமல் ஆடிய விளையாட்டுகளில்தான் கிடைத்தன என்பது என் கருத்து. அசைவும் குரலும் பட்டனுக்கு மாற்றாக வந்த இடங்களில் பெரும்பாலும் தோற்றன. பட்டனோடு வேலையைப் பங்கு போட்டுக்கொண்ட இடங்களில் பிழைத்தன. ஏன் அப்படி என்று புரிந்துகொள்ள, ஒவ்வொன்றும் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் பட்டன். அதற்கு அழுத்தியது, அழுத்தாதது என்று இரண்டே நிலைகள். நடுவில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஒரு நொடிக்கு 60 படங்கள் காட்டும் விளையாட்டில் ஒரு படத்தின் ஆயுள் சுமார் 16.7 மில்லிவிநாடி. பட்டன் அழுத்தம் அந்த அளவு நேரத்துக்குள் கன்சோலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இதைவிட முக்கியமான ஒரு குணமும் அதற்கு உண்டு: யாரும் தெரியாமல் பட்டனை அழுத்துவதில்லை. மூக்கைச் சொறிவோம், சோபாவில் சாய்வோம், பக்கத்தில் இருப்பவரோடு பேசுவோம். இவை எதுவும் பட்டனைத் தொடாது. பட்டன் அழுத்தப்பட்டது என்றால் ஆடுபவர் அதை வேண்டும் என்றே செய்திருக்கிறார். கேமராவுக்கும் மைக்குக்கும் இந்த உறுதி கிடைப்பதே இல்லை. அவை எப்போதும் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்கின்றன. பார்த்ததில், கேட்டதில் எது கட்டளை, எது சும்மா நடந்தது என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது.

கன்ட்ரோலரின் ஸ்டிக் வேறு வகை. 1996இல் நின்டெண்டோ 64, அடுத்த ஆண்டு சோனியின் டூயல்ஷாக் வழியாக இது வீடுகளில் நிலைபெற்றது. நடக்கவும் ஓடவும் இதைவிட வசதியானது இன்னும் வரவில்லை; கொஞ்சம் சாய்த்தால் நடை, முழுதும் சாய்த்தால் ஓட்டம். குறி பார்க்கும் வேலையில்தான் இது தடுமாறும். காரணம், ஸ்டிக் ‘எங்கே’ என்பதைச் சொல்வதில்லை, ‘எவ்வளவு வேகமாக’ என்பதைச் சொல்கிறது. மின்விசிறி ரெகுலேட்டரைத் திருகினால் வேகம்தான் மாறும். இறக்கை எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று அதில் சொல்ல முடியாது. ஸ்டிக்கும் அப்படித்தான். வலப்பக்கம் சாய்த்து, பார்வை திரும்பிக்கொண்டே போக, சரியான கணத்தில் விட வேண்டும். கொஞ்சம் முந்தினால் குறி இந்தப் பக்கம், பிந்தினால் அந்தப் பக்கம். அதனால்தான் கன்சோல் துப்பாக்கி விளையாட்டுகள் பலவற்றில் குறிவட்டத்தை எதிரியின் பக்கம் சற்று இழுத்துவிடும் உதவியை மென்பொருளே ரகசியமாகச் செய்கிறது.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் அசைவு உதவியது. ஆனால் அங்கே வந்து சேர்வதற்குள் ஒரு பெரிய சுற்று சுற்ற வேண்டியிருந்தது.

2006 நவம்பரில் நின்டெண்டோவின் வீ கன்சோல் வந்தது. டி.வி. ரிமோட் போல ஒரு குச்சி. அதை வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசும். தாத்தா பாட்டிகூட ஆடினார்கள். மொத்தம் 10 கோடிக்கும் மேல் விற்றது. அந்தக் குச்சிக்குள் இருந்தது முடுக்கமானி. நாம் அசைக்கும் வேகமாற்றத்தையும் புவியீர்ப்பையும் சேர்த்து அளக்கும் சின்னச் சில்லு அது. புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிவதால் குச்சி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கணக்கிடலாம். ஆனால் குச்சியைத் தரைக்கு இணையாக வைத்தபடி இடமிருந்து வலமாகத் திருப்பினால் புவியீர்ப்பின் திசை மாறாது. முடுக்கமானிக்கு அந்தத் திருப்பம் தெரியாது. இதற்காகக் குச்சியின் மூக்கில் ஓர் அகச்சிவப்புக் கேமராவும் இருந்தது. டி.வி. அருகே வைக்கும் பட்டை எதையும் உணர்வதில்லை. அதன் இரு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள் எரியும், அவ்வளவுதான். குச்சிதான் அந்த விளக்குகளைப் பார்த்துத் தான் எங்கே நோக்குகிறது என்று தெரிந்துகொள்ளும். குச்சி டி.வி.யை விட்டு வேறு பக்கம் திரும்பிவிட்டால் அந்தத் தகவலும் போய்விடும்.

அதனால் அக்காலத்து விளையாட்டுகள் பலவற்றில் அசைவு, பட்டனுக்கு வேறு வேஷம் போட்டது போலத்தான் இருந்தது. செல்டா விளையாட்டுத் தொடரின் ட்வைலைட் பிரின்சஸில் வாள் வீச வேண்டுமானால் குச்சியை ஆட்ட வேண்டும். எந்தத் திசையில் ஆட்டினாலும் கவலையில்லை, ஆட்டினால் வாள் வீசும். நின்டெண்டோவின் முந்தைய கன்சோலான கேம்கியூபுக்கு வந்த பதிப்பில் அதே வேலையை ஒரு பட்டன் செய்தது, இன்னும் வேகமாக. அசைவால் புதிதாக எந்தத் தகவலும் விளையாட்டுக்குள் போகவில்லை, கைதான் வலித்தது. ஓர் அசைவுக் கட்டளை உருப்படியானதா என்று பார்க்க நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: பட்டனால் சொல்ல முடியாத எதையாவது இந்த அசைவு சொல்கிறதா?

2009இல் வீ குச்சியோடு இணைக்கும் மோஷன்பிளஸ் என்ற துணைக்கருவி வந்தது. அதற்குள் கைரோஸ்கோப் இருந்தது. இன்றைக்குப் பல கைபேசிகளில் இருக்கிற அதே வகை. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய சிலிக்கான் எடை ஒன்று ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். கருவி திரும்பினால் கொரியோலிஸ் விளைவால் அந்த எடை பக்கவாட்டில் துளி விலகும். அந்த விலகலை மின்சார மாற்றமாக அளந்தால், கருவி எந்த அச்சில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று தெரிந்துவிடும். இடம் வலம், மேல் கீழ், உருளல் எல்லாமே கிடைக்கும். டி.வி.யைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

கைரோவுக்கு ஒரு குறை உண்டு. அது வேகத்தைத்தான் அளக்கிறது. இப்போது எந்தப் பக்கம் நோக்குகிறோம் என்பதை வேகங்களைக் கூட்டிக் கூட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டலிலும் நூலிழைப் பிழை சேரும். சில நிமிடங்களில் நேராகப் பிடித்த கன்ட்ரோலர் திரையில் கோணலாகத் தெரியும். சாய்வில் ஏற்படும் பிழையை, புவியீர்ப்பைக் கேட்டு முடுக்கமானி திருத்திவிடும். இடம் வலப் பிழையைத் திருத்த அப்படி ஓர் ஆதாரம் இல்லை.

2015இல் வந்த ஸ்ப்ளட்டூன் இதை அழகாகத் தீர்த்தது. சாயத் துப்பாக்கியால் ஒருவரையொருவர் பூசிக்கொள்ளும் நின்டெண்டோ விளையாட்டு அது. பெரிய திருப்பத்துக்கு வலது ஸ்டிக். கடைசி இரண்டு அங்குலக் குறிக்குக் கன்ட்ரோலரையே லேசாகச் சாய்க்க வேண்டும். குறி கோணலாகிவிட்டால் ஒய் பட்டன். அழுத்தியதும் பார்வை நடுவுக்கு வந்துவிடும். ஸ்டிக்கின் பலவீனத்தைக் கைரோ சரிக்கட்டுகிறது, கைரோவின் பலவீனத்தைப் பட்டன் சரிக்கட்டுகிறது. முதல் அரைமணி நேரம் எரிச்சலாக இருக்கும். பழகிய பின் வெறும் ஸ்டிக்குக்குத் திரும்ப மனம் வராது. 2017இல் வந்த செல்டா விளையாட்டான பிரெத் ஆஃப் தி வைல்டில் வில்லை இழுத்துப் பிடித்தால் மட்டும் கைரோ விழித்துக்கொள்ளும், அம்பை விட்டதும் தூங்கிவிடும். அசைவு எப்போது கட்டளை, எப்போது வெறும் அசைவு என்ற சிக்கலை அங்கே தீர்த்துவைப்பது வில்லை இழுக்கும் அந்தப் பட்டன்தான்.

இதே வழியை வால்வ் நிறுவனம் 2015இல் தன் ஸ்டீம் கன்ட்ரோலரில் வேறு விதமாகப் பிடித்தது. வலது கட்டைவிரல் தொடுதட்டில் பட்டால் கைரோ வேலை செய்யும்படியும், விரலை எடுத்தால் நிற்கும்படியும் அமைத்துக்கொள்ளலாம். மணிக்கட்டு திரும்பும் எல்லை முடிந்துவிட்டால் விரலை எடுத்து, கையை வசதியான நிலைக்குக் கொண்டுவந்து, மறுபடி தொட்டுத் தொடரலாம். ஜிப் ஸ்மார்ட் என்ற நிரலாளர் உருவாக்கிய ‘ஃபிளிக் ஸ்டிக்’ இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் ஸ்டிக்கை எந்தத் திசையில் தள்ளுகிறோமோ அந்தத் திசைக்குப் பார்வை சட்டென்று திரும்பும். நுணுக்கமான குறி முழுவதும் கைரோ பொறுப்பு. 2022இல் ஃபோர்ட்நைட் விளையாட்டு இதை அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டது.

இப்போது வெளியே இருந்து பார்க்கும் அசைவறிதலுக்கு வருவோம். கினெக்ட் 2010 நவம்பரில் வெளியானது. முதல் 60 நாட்களில் 80 லட்சம் விற்று கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் ஏறியது. உள்ளே இஸ்ரேலின் பிரைம்சென்ஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பம். கருவி ஆயிரக்கணக்கான அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுவதும் தெளிக்கும். அருகில் இருக்கும் பொருள் மேலும் தள்ளி இருக்கும் பொருள் மேலும் புள்ளிகள் விழும் இடம் சற்று மாறும். அந்த மாற்றத்தைக் கேமரா படித்து ஒவ்வோர் இடமும் எவ்வளவு தொலைவு என்று வரைபடம் போடும், நொடிக்கு 30 முறை. அந்த வரைபடத்தில் எது தலை, எது முழங்கை என்று பிரித்தறியும் வேலையைக் கேம்பிரிட்ஜில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் இயந்திரக் கற்றலால் முடித்தது. எண்ணற்ற மனித உடல் நிலைகளைக் காட்டிப் பயிற்றுவித்த மென்பொருள், உடலில் 20 மூட்டுப் புள்ளிகளை விடாமல் பின்தொடரும். பொறியியலாக அது ஒரு சாதனை. இன்றைக்கும் எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு.

ஆனால் 20 மூட்டுகளில் விரல்கள் இல்லை. கை நீட்டி ஒரு படத்தைச் சுட்டலாம். ‘இதையே எடுத்துக்கொள்’ என்று சொல்ல வழியில்லை. அதனால் மெனுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கையை அதன் மேல் அசையாமல் வைத்து, ஒரு வட்டம் மெல்ல நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். கன்ட்ரோலரில் ஏ பட்டனை ஒரு தட்டு தட்டினால் முடிந்துபோகும் வேலை. நீட்டிய கை கொஞ்ச நேரத்திலேயே கனக்கத் தொடங்கும். அதோடு, நடக்க வழியில்லை. ஆடுபவர் உண்மையில் நடந்தால் டி.வி.யில் போய் முட்டிக்கொள்வார். நடனமும் விளையாட்டுப் போட்டிகளும் கினெக்டுக்குப் பொருந்தின. நீண்ட கதையும் பயணமும் கொண்ட விளையாட்டுகள் பொருந்தவில்லை.

கன்ட்ரோலரும் கினெக்டும் சேர்ந்தால் இந்தச் சிக்கல் தீருமே என்று நினைத்து உருவாக்கப்பட்ட விளையாட்டு ஒன்று உண்டு. அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ‘சேர்த்தல்’ என்பதாலேயே எதுவும் சரியாகிவிடாது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

2002இல் கேப்காம் நிறுவனம் முதல் எக்ஸ்பாக்ஸுக்கு ஸ்டீல் பெட்டாலியன் என்ற இயந்திரக் கவசப் போர் விளையாட்டை வெளியிட்டது. அதோடு மேசையையே அடைக்கும் ஒரு கன்ட்ரோலர் வந்தது: இரண்டு ஜாய்ஸ்டிக், சுமார் 40 பட்டன்கள், காலடியில் மூன்று பெடல். இயந்திரத்தைக் கிளப்பவே சுவிட்சுகளை வரிசையாகப் போட வேண்டும். தப்பிக்கும் பட்டனுக்கு மேல் ஒரு மூடி இருக்கும்; ஆபத்தில் அதைத் திறந்து அழுத்தத் தவறினால் நீங்கள் சேமித்த ஆட்டமே அழிந்துவிடும். விலை அதிகம், ஆனாலும் ஆடியவர்கள் அதைக் கொண்டாடினார்கள். அங்கே ஒவ்வொரு பட்டனும் அதனதன் இடத்தில் இருந்தது. பார்க்காமலே கை போகும்.

பத்து ஆண்டுகள் கழித்து, 2012இல், ஸ்டீல் பெட்டாலியன்: ஹெவி ஆர்மர் வந்தது. ஃப்ரம் சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கியது. இயந்திரத்தை நடத்தவும் சுடவும் சாதாரண கன்ட்ரோலர். அறைக்குள் இருக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் கினெக்ட். ஜன்னல் மூடியை இழுக்க, நெம்புகோலைப் பிடிக்க, பெரிஸ்கோப்பை இறக்க, கன்ட்ரோலரிலிருந்து கையை எடுத்துக் காற்றில் பிடித்து இழுக்க வேண்டும். வெளியே எட்டிப் பார்க்க வேண்டும் என்றால் எழுந்து நிற்க வேண்டும். எழுத்தில் படிக்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நடைமுறையில், குண்டு பாயும் நேரத்தில் ஜன்னலை மூடக் கையை நீட்டினால் கருவி அதை வேறொன்றாகப் புரிந்துகொண்டது. பக்கத்துப் பக்கத்தில் இருந்த கருவிகளைப் பிரித்தறியும் துல்லியம் கினெக்டிடம் இல்லை, அதிலும் ஆடுபவர் உட்கார்ந்திருக்கும்போது. விமர்சகர்கள் கடுமையாகச் சாடினார்கள்.

தவறு எங்கே நடந்தது? மிக அவசரமான, துல்லியமான, தவறினால் உயிர் போகிற வேலையை, பட்டனைவிட மெதுவான, தெளிவில்லாத வழியிடம் கொடுத்துவிட்டார்கள். அதோடு கையைப் பட்டனிலிருந்து பிடுங்கி எடுத்தார்கள். ஒரே ஆண்டில், ஒரே கருவியை வைத்து ஸ்கைரிம் செய்ததற்கு நேர் எதிரான வேலை இது. ஸ்கைரிம் ஓய்வாக இருந்த வாயைப் பயன்படுத்தியது. இதுவோ ஏற்கெனவே வேலையில் இருந்த கையைப் பறித்தது.

வாய்க்கு வருவோம். விளையாட்டுக்குள் குரல் நுழைந்தது கினெக்டோடு அல்ல. ஜப்பானில் 1983இல் வந்த ஃபேமிகாம் கன்சோலின் இரண்டாவது கன்ட்ரோலரில் ஒரு சின்ன மைக் இருந்தது. 1986இன் முதல் செல்டா விளையாட்டில், முயல் காது கொண்ட ஓர் எதிரியை அந்த மைக்கில் சத்தம் போட்டே ஒழிக்கலாம். அது சொல்லறிதல் அல்ல. சத்தம் வந்ததா என்பது மட்டுமே கணக்கு. 1998இல் நின்டெண்டோ 64க்கு வந்த பிகாச்சு விளையாட்டு சொற்களையே அடையாளம் கண்டது.

விளையாட்டுக் குரலறிதல் பெரும்பாலும் சிறிய பட்டியலை வைத்துத்தான் இயங்கும். கேட்ட ஒலியை, அந்தக் கட்டத்தில் சொல்லக்கூடிய சில டஜன் சொற்றொடர்களோடு ஒப்பிட்டு மிக அருகில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். பட்டியல் குறுகக் குறுகப் பிழை குறையும். 2008இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட எண்ட்வார் இந்த உண்மையை மையமாக வைத்தே அமைக்கப்பட்டது. ஒரு படைத்தலைவர் வயர்லெஸ்ஸில் பேசுவது போல: யார், என்ன, எங்கே. “யூனிட் ஒன், அட்டாக், ஹாஸ்டைல் டூ.” முதல் சொல்லைச் சொன்னதும் அடுத்துச் சொல்லக்கூடியவை மட்டும் திரையில் தெரியும். பேச வேண்டும் என்றால் கன்ட்ரோலரின் ட்ரிகரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தாதபோது நீங்கள் வீட்டில் யாரோடு என்ன பேசினாலும் படை அசையாது. பிளேஸ்டேஷன் 2இல் 2002இலேயே சோகாம் விளையாட்டு ஹெட்செட் வழியாக இதே உத்தியைப் பயன்படுத்தியிருந்தது.

கினெக்ட் இப்படி அழுத்திப் பிடிக்கும் பட்டனைத் தவிர்க்கப் பார்த்தது. அதில் நான்கு மைக்குகள் வரிசையாக இருந்தன. ஒலி ஒவ்வொரு மைக்கையும் அடையும் நேரத்தில் உள்ள நுண்ணிய வேறுபாட்டை வைத்துப் பேசுபவர் இருக்கும் திசையைக் கண்டறியலாம். டி.வி.யில் வெடிக்கும் குண்டுச் சத்தத்தையும் அது கழித்துவிடும். அந்தச் சத்தத்தை அனுப்பியதே கன்சோல்தான் என்பதால், எதைக் கழிக்க வேண்டும் என்று அதற்கு முன்பே தெரியும். ஆனாலும் கட்டளை யாருடையது என்ற ஊகம் தவறத்தான் செய்தது. 2014இல் நடிகர் ஆரன் பால் தோன்றிய எக்ஸ்பாக்ஸ் ஒன் விளம்பரத்தில் அவர் “எக்ஸ்பாக்ஸ் ஆன்” என்று சொன்னதைக் கேட்டு, பார்த்துக்கொண்டிருந்தவர்களின் வீட்டு எக்ஸ்பாக்ஸ்கள் தாமாகவே எழுந்துகொண்டன.

குரலின் இன்னொரு எல்லை நேரம். ‘ஜம்ப்’ என்று சொல்லி முடிக்கவே கால் நொடியாவது ஆகும். சொல் முடிந்ததா, இன்னும் வருமா என்று தெரிந்துகொள்ள மென்பொருள் சற்று மௌனத்துக்குக் காத்திருக்க வேண்டும். பிறகுதான் ஒப்பீடு. எல்லாம் சேர்ந்து முடிவதற்குள் கதாபாத்திரம் பள்ளத்தில் விழுந்திருக்கும். எனவே குதிப்பதும் சுடுவதும் குரலுக்கு ஆகாது. 40 ஆயுதங்களில் ஒன்றைப் பெயர் சொல்லி எடுப்பது ஆகும். தோழரை ஏவுவது ஆகும். 2012இன் மாஸ் எஃபெக்ட் 3 இதைச் சரியாகப் பிடித்தது. குறிவட்டத்தை எதிரி மேல் வைத்துக்கொண்டு, கூட வரும் வீரரின் பெயரையும் அவருடைய ஆற்றலின் பெயரையும் சொன்னால் அவர் அங்கே அதைப் பாய்ச்சுவார். கால்பந்து விளையாட்டான ஃபிஃபா 13இல் ஆட்டத்தை நிறுத்தாமலே வீரரை மாற்றச் சொல்லலாம். நடுவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினால் அதையும் அது கேட்டுக்கொள்ளும்.

மாஸ் எஃபெக்ட் 3இன் உத்திக்கு வயது அதிகம். 1980இலேயே எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் போல்ட் ஒரு சோதனையைக் காட்டினார். சுவர் அளவுத் திரை முன் நாற்காலியில் உட்கார்ந்தவர், கையால் சுட்டிக்கொண்டே ‘அதை அங்கே வை’ என்று ஆங்கிலத்தில் சொல்வார். திரையில் இருக்கும் வடிவம் இடம் மாறும். குரல் மட்டும் என்றால் ‘அது’ எது என்று தெரியாது. கை மட்டும் என்றால் என்ன செய்வது என்று தெரியாது. இரண்டும் சேர்ந்தால் அரைகுறையான இரண்டு தகவல்கள் ஒரு முழுக் கட்டளை ஆகின்றன. இன்றைய கன்ட்ரோலரில் சுட்டும் விரலின் இடத்தைக் குறிவட்டம் பிடித்துக்கொண்டிருக்கிறது. பட்டன் சொல்வது ‘இப்போது’. அசைவு சொல்வது ‘இங்கே’. குரல் சொல்வது ‘இன்னது’. ஒரு விளையாட்டு இந்தப் பங்கீட்டை மாற்றும் இடத்தில்தான் பெரும்பாலும் தடுமாறுகிறது.

விமான சிமுலேட்டர் ஆடுபவர்கள் இந்தப் பங்கீட்டைத் தாங்களே உருவாக்கிக்கொண்டார்கள். ஒரு கையில் ஜாய்ஸ்டிக், மறுகையில் த்ராட்டில். தொப்பியில் மாட்டிய சின்னக் கருவியை ட்ராக்ஐஆர் கேமரா பின்தொடர, தலையைத் திருப்பினால் விமானி பக்கவாட்டில் பார்ப்பார். சக்கரத்தை இறக்கு, அடுத்த இலக்கைப் பிடி என்பவற்றை வாய்ஸ்அட்டாக் மென்பொருளிடம் சொல்வார்கள். அது விசைப்பலகைக் கட்டளையாக மாற்றித்தரும். எலீட் டேஞ்சரஸ் விண்வெளி விளையாட்டை ஆடுவோரிடமும் இந்த ஏற்பாடு பரவியது. 

பிழையையே விளையாட்டாக்கிய ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 2014இன் ஏலியன்: ஐசோலேஷனில் நீங்கள் அலமாரிக்குள் ஒளிந்திருப்பீர்கள், வெளியே ஒரு வேற்றுலக ஜந்து உலாவும். கினெக்டையோ பிளேஸ்டேஷன் கேமராவையோ இணைத்து அந்த வசதியை இயக்கினால், உங்கள் அறையில் கேட்கும் சத்தம் அதன் காதிலும் விழும். இருமினால் வரும், கத்தினால் வரும். தலையை உண்மையிலேயே சாய்த்தால் மறைவிலிருந்து எட்டிப் பார்க்கலாம். சொல்லை அறிய வேண்டிய தேவையே இல்லாததால் தப்பாகக் கேட்கும் சிக்கலும் இல்லை. நடப்பதும் ஒளிவதும் கன்ட்ரோலரிலேயே. இந்தத் துறையில் இதைவிடச் சிக்கனமான, புத்திசாலித்தனமான யோசனையை நான் பார்த்ததில்லை. 2020இல் வந்த ஃபாஸ்மோஃபோபியாவும் பேயோடு உங்கள் குரலில் பேசவைத்து அதே பயத்தைத் தொடுகிறது.

இவ்வளவு நன்றாக இருந்தும் கினெக்ட் ஏன் நிலைக்கவில்லை? 2013 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலோடு புதிய கினெக்டைக் கட்டாயமாகச் சேர்த்து 499 டாலருக்கு விற்றார்கள். போட்டியான பிளேஸ்டேஷன் 4 விலை 399. அடுத்த ஜூனில் கினெக்ட் இல்லாத பெட்டியை மைக்ரோசாஃப்டும் 399க்குக் கொடுத்தது. எல்லா வீட்டிலும் கினெக்ட் இருக்கும் என்ற உறுதி அன்றோடு போனது. ஒரு பகுதி வாடிக்கையாளரிடம் மட்டுமே இருக்கும் கருவிக்காக எந்த நிறுவனம் மாதக்கணக்கில் உழைக்கும்? 2017இல் உற்பத்தியே நின்றது. கைரோவின் கதை வேறு. அது விலை மலிந்த சின்னச் சில்லு. நின்டெண்டோ ஸ்விட்ச், டூயல்ஷாக் 4, டூயல்சென்ஸ் எல்லாவற்றிலும் பெட்டியிலேயே வருகிறது. அதனால்தான் விளையாட்டு ஆக்குவோர் அதை நம்பி வேலை செய்ய முடிகிறது. எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரிஸ் கன்ட்ரோலர்களில் அது இல்லாதது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

மொழியும் ஒரு காரணம். கினெக்ட் குரலறிதல் வெளியானபோது சில மொழிகளுக்கே கிடைத்தது. அந்தக் கருவி தமிழையோ வேறெந்த இந்திய மொழியையோ கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. வீட்டில் தமிழ் பேசுபவர் டி.வி.யிடம் மட்டும் அமெரிக்க உச்சரிப்பில் பேச வேண்டும் என்றால் அந்த வசதி வசதியாகாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கையை முழுமையாக இயக்க முடியாதவர்களுக்குக் குரலும் தலையசைவும் ஆடம்பரம் அல்ல, நுழைவாயில். மூட்டுவலி உள்ளவருக்கோ வாளை வீசச் சொல்வதே தடை. 2011இல் வந்த செல்டாவின் ஸ்கைவார்டு ஸ்வார்டை அசைவு இல்லாமல் ஆடவே முடியாது. 2021இல் ஸ்விட்சுக்கு மறுபதிப்பு வந்தபோது வாளை வலது ஸ்டிக்காலும் வீசலாம் என்று வழி திறந்தார்கள். எந்தப் புதிய வழியானாலும் அதை அணைத்துவைக்கும் உரிமை ஆடுபவரிடம் இருக்க வேண்டும்.

உங்களிடம் ஸ்விட்ச் அல்லது பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர் இருந்தால், விளையாட்டின் அமைப்புகளில் ‘மோஷன்’ அல்லது ‘கைரோ எய்மிங்’ என்ற வரியைத் தேடுங்கள். குறி பார்க்கும் பட்டனை அழுத்தும்போது மட்டும் அது இயங்கும்படி வையுங்கள். தொடக்கத்தில் உணர்திறனைக் குறைவாக வைத்துப் பழகிய பின் கூட்டுங்கள். பெரிய திருப்பத்துக்கு ஸ்டிக்கையே நம்புங்கள். மணிக்கட்டை முறுக்க வேண்டாம். குறி தானாக நகர்ந்தால் கன்ட்ரோலரைச் சமதளமான மேசையில் அசையாமல் வைத்து, கன்சோலின் அமைப்புகளில் அளவு திருத்தும் வசதி இருந்தால் அதை ஒருமுறை ஓட்டுங்கள். குரல் கட்டளை உள்ள விளையாட்டானால், அழுத்திப் பேசும் பட்டன் தேர்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு அடிக்கடி தேவைப்படும் நான்கைந்து சொற்களை மட்டும் பழகிக்கொண்டு தொடங்கலாம்.